மாற்றுச் சிறுநீரகமும் மாதம் ஒரு இரத்தப் பரிசோதனையும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், வேதியியல் துறையின் பழைய மாணவரும் கொட்டச்சேட்டில் காபி விவசாயம் செய்து வருபவருமான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் போன் செய்து, "நீ இந்த வருஷம் பேசணும்" என்று சொன்னபோது, "நான் என்னத்தப் பேசறது? காபிச் செடியைப் பத்தி வேணா ரெண்டு வார்த்தை பேசறேன்" என்றேன். "அதெல்லாம் வேண்டாம். உன் கிட்னியைப் பத்திப் பேசு" என்றார். நம் செயலாளர் கல்லூரி நாளிலிருந்தே அப்படித்தான். மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுவார்.

ஆகவே கிட்னியைப் பற்றியே பேசுகிறேன். நான் டாக்டர் அல்ல. என் உடம்பில் இப்போது வேலை செய்கிற சிறுநீரகம் என் அக்காவுடையது. 2011ஆம் ஆண்டு அது என்னிடம் வந்தது. அன்று முதல் அதைக் காப்பாற்றிக்கொள்ள நான் கற்றுக்கொண்டது, கற்காமல் விட்டது, இரண்டையும் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். இதில் ஒரு பொய்யும் வருகிறது. அந்தப் பொய்யைச் சொன்னவன் நானே.

எப்படி வந்தது?

கொட்டச்சேடு உங்களில் பலருக்குத் தெரியும். கல்லூரி நாளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற்காடு வந்தவர்களுக்கு எங்கள் ஊர்த் தேக்கங்காடு நினைவிருக்கும். அங்கேதான் அப்பா விட்டுப்போன காபித் தோட்டம். படிப்பு முடிந்ததும் தோட்டத்துக்கே திரும்பினேன். மலைக்காற்று, நல்ல தண்ணீர், நடந்து நடந்து உறுதியான கால். எனக்கு நோய் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

2009இல் முகம் வீங்கியது. சாப்பாடு பிடிக்கவில்லை. சேலத்தில் போய்ப் பார்த்தால் இரத்த அழுத்தம் உச்சத்தில் இருந்தது. எத்தனை வருடமாக அப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நான் அதை ஒரு தடவைகூட அளந்து பார்த்ததில்லை. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் மலையை விட்டு இறங்கி, நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்து, மறுபடி மலையேற வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டம்ளரில் அளந்து குடித்தேன். ஊற்றுத் தண்ணீர் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு தாகத்தோடு தூங்கியவன் நான்.

அக்கா சமவெளியில் வாழ்க்கைப்பட்டவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரு நாள் வந்தார், என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். "எனக்கு ரெண்டு இருக்குதில்ல, ஒண்ண எடுத்துக்கச் சொல்லு" என்றார். அத்தானும் மறுக்கவில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி உடன்பிறந்தவர் நெருங்கிய உறவினர் என்பதால் அனுமதி பெறுவதில் பெரிய சிக்கல் இல்லை.

உடன்பிறந்தவர் என்பதால் அப்படியே பொருந்திவிடும் என்று நினைக்காதீர்கள். திசுப் பொருத்தம் அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்று வருகிறது. ஆகவே உடன்பிறந்த இருவருக்குள் முழுப் பொருத்தம் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. பாதிப் பொருத்தத்துக்கு நாலில் இரண்டு. ஒன்றுமே பொருந்தாமல் போக நாலில் ஒன்று. எங்களுக்குப் பாதி. "பாதி போதும், மீதிக்கு மாத்திரை இருக்கு" என்றார் டாக்டர்.

உடம்பு ஏன் எதிர்க்கிறது?

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள் எஸ்டேட் காவல்காரர் மாதிரி. தெரிந்த முகம் என்றால் விடுவார்கள். தெரியாத முகம் என்றால் தடியை எடுப்பார்கள். வந்திருப்பது திருடனா, உதவி செய்ய வந்த அக்காவா என்று பகுத்துப் பார்க்கிற வேலை அவர்களுக்கு இல்லை.

1954 டிசம்பர் 23ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவும் செய்த சிறுநீரக மாற்றுதான் உலகில் முதலில் நிலைத்து நின்றது. காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர். காவல்காரருக்கு வித்தியாசம் தெரியவில்லை. பெற்றவர் 8 ஆண்டுகள் வாழ்ந்தார். முர்ரேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1965இல் மும்பையில் முயன்று பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. 1971இல் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செய்ததுதான் இந்தியாவின் முதல் வெற்றி. அக்காவையும் என்னையும் போல இரட்டையர் அல்லாதவர்களுக்குக் காவல்காரரை அடக்கிவைக்க மருந்து வேண்டும்.

இந்த மருந்துகளின் கதை விவசாயிக்குப் பிடித்த கதை. எல்லாம் மண்ணிலிருந்து வந்தவை. நார்வே நாட்டு மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின். ஜப்பானில் சுகுபா மலையடிவாரத்து மண்ணில் 1984இல் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து டாக்ரோலிமஸ். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து சிரோலிமஸ். இந்தக் கடைசி மருந்தைப் பிரித்தெடுத்து, அது வீணாகிவிடாமல் காப்பாற்றியவர் சுரேந்திரநாத் சேகல் என்ற நம் நாட்டுக்காரர். நான் தினம் இரண்டு வேளை சாப்பிடுவது டாக்ரோலிமஸ். ஒரு மலையடிவார மண்ணில் கிடைத்த மருந்து இன்னொரு மலையில் ஒருவனை உயிரோடு வைத்திருக்கிறது.

தண்டுத் துளைப்பானும் நிராகரிப்பும்

காபி விவசாயிகளுக்கு ஒரு எதிரி உண்டு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அரபிக்கா செடியின் தண்டுக்குள்ளே புழு போய்விடும். வெளியே இலை பச்சையாக இருக்கும், பூ மழை பெய்தால் பூக்கும். நீங்கள் "செடி நல்லாத்தான் இருக்கு" என்று நடந்து போவீர்கள். இலை மஞ்சளாகி வாடும்போது போய்ப் பார்த்தால் உள்ளே தண்டு தூளாகியிருக்கும். கெட்டிக்கார விவசாயி இலையை நம்ப மாட்டான். தண்டைத் தடவிப் பார்ப்பான். உள்ளே புழு போன இடத்தில் பட்டை மேடு தட்டியிருக்கும்.

மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதும் இதே மாதிரிதான். காய்ச்சல், வலி, வீக்கம், சிறுநீர் குறைவு, இதெல்லாம் வந்தபிறகு தெரிந்துகொள்வது இலை மஞ்சளான கதை. இன்றைய மருந்துகளில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமலே நிராகரிப்பு தொடங்கிவிடுகிறது. தண்டைத் தடவிப் பார்க்கிற வேலையைத்தான் இரத்தப் பரிசோதனை செய்கிறது.

என்னென்ன பார்க்கிறார்கள்?

முதலாவது, கிரியேட்டினின். தசையில் நாள்தோறும் உண்டாகும் கழிவு இது. சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளும். வடிகட்டி அடைத்தால் இரத்தத்தில் ஏறும். வேதியியல் படித்த நண்பர்களே, நாம் ஆர்கானிக் லேபில் நாப்தலீனோடு பிக்ரிக் அமிலம் சேர்த்து மஞ்சள் ஊசியாகப் படிகம் எடுத்தோமே, கையெல்லாம் மஞ்சளாகி மெஸ்ஸில் கேலி செய்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே பிக்ரிக் அமிலம்தான் இங்கேயும் வருகிறது. 1886இல் யாஃபே என்ற ஜெர்மானியர், காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் சேர்ந்தால் ஆரஞ்சுச் சிவப்பு நிறம் வரும் என்று கண்டார். அந்த நிறத்தின் அடர்த்தியை அளந்தால் கிரியேட்டினின் அளவு தெரியும். நூற்று முப்பது வருடம் தாண்டியும் பல லேப்களில் இன்னும் அதே வினைதான் நடக்கிறது. "இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது" என்று நான் புலம்பிய பிக்ரிக் அமிலம், பின்னால் என் ஆயுளை அளக்கப்போகிறது என்று அன்று எனக்கு யார் சொன்னார்கள்?

கிரியேட்டினினில் ஒரு முக்கியமான பாடம் உண்டு. அறிக்கைத் தாளில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 'சாதாரண அளவு' நமக்கு உதவாது. நம்முடைய வழக்கமான அளவு என்ன, அதிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. என் அளவு 1.2. அது 1.5 ஆனால் வேறொருவருக்குச் சாதாரணமாகத் தெரியலாம். எனக்கு அது மணியடிக்கிற சத்தம். நம் வழக்க அளவிலிருந்து கால் பங்கு ஏறினால் டாக்டர்கள் உட்கார்ந்து யோசிப்பார்கள். முதல் நாள் இரவு கறி விருந்து சாப்பிட்டாலும், வெயிலில் வேலை செய்து உடம்பில் நீர் வற்றினாலும் கொஞ்சம் ஏறும். ஆகவே ஏறினதும் நிராகரிப்பு என்று அலற வேண்டாம், ஏறவில்லை என்பதால் நிம்மதியாகத் தூங்கவும் வேண்டாம். கிரியேட்டினின் கொஞ்சம் தாமதமாகத்தான் சேதி சொல்லும். ஓரளவு சேதம் நடந்த பிறகே அது ஏறுகிறது.

இரண்டாவது, மருந்தின் அளவு. டாக்ரோலிமஸ் கத்தி முனையில் நடக்கிற மருந்து. குறைந்தால் காவல்காரர் விழித்துக்கொள்வார். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும், சர்க்கரை நோயைக் கொண்டுவரும், கை நடுங்கும், தொற்று நோய் புகும். ஒரே மாத்திரை ஒருவர் உடம்பில் ஒரு மாதிரியும் இன்னொருவர் உடம்பில் வேறு மாதிரியும் நிற்கும். அதனால் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துதான் மாத்திரை எழுதுகிறார்கள். மருந்து பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள் தங்குவதால் முழு இரத்தத்தில் பார்க்கிறார்கள். ஊதா மூடிக் குழாயில் எடுப்பார்கள்.

எப்போது எடுப்பது என்பதுதான் இதில் உயிர்நாடி. முந்தின இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். அப்போதுதான் மருந்து மிகக் கீழே இருக்கும் அளவு தெரியும். மாத்திரை போட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் எடுத்தால் அளவு மேலே எகிறிக் காட்டும். இதை நினைவில் வையுங்கள். என் கதை இங்கேதான் வருகிறது.

எங்கள் மலைக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆரஞ்சுத் தோட்டத்து ஓரத்தில் பம்ப்ளிமாஸ் மரம் நிற்கும். அந்தப் பழம் இந்த மாத்திரைக்கு ஆகாது. குடலில் மருந்தைச் சிதைக்கிற நொதியை அது முடக்கிவிடும், இரத்தத்தில் மருந்து ஏறிவிடும். கமலா ஆரஞ்சு சாப்பிடலாம், தவறில்லை. வயிற்றுப்போக்கு வந்தாலும் மருந்தின் அளவு ஏறும். காளானுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் ஏற்றும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் ஒரேயடியாக இறக்கிவிடும். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், "நான் மாற்றுச் சிறுநீரகக்காரன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து, லேகியம் எதையும் கேட்காமல் சாப்பிடக்கூடாது.

மூன்றாவது, எதிர்ப்பொருள் சோதனை. அக்காவின் திசுவைக் குறிவைத்து என் உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கிறதா என்று பார்ப்பது. ஆபரேஷனுக்கு முன்பே கொடுப்பவரின் வெள்ளையணுவையும் பெறுபவரின் சீரத்தையும் கலந்து பார்ப்பார்கள். 1969இல் படேல், டெராசாகி என்ற இருவர் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். கலந்து பார்த்ததில் எதிர்ப்பு தெரிந்தும் மாற்றிய 30 சிறுநீரகங்களில் 24 உடனே செயலிழந்தன. எதிர்ப்பு இல்லாத 195இல் 8 மட்டுமே அப்படிப் போயின. அன்று முதல் அந்தச் சோதனை இல்லாமல் யாரும் கத்தியைத் தொடுவதில்லை. மாற்றிய பிறகும், மாத்திரை விட்டுவிட்டுப் போடுகிறவர்களுக்கு இந்த எதிர்ப்பொருள் புதிதாக முளைக்கும். ஒருமுறை முளைத்தால் ஒழிப்பது கஷ்டம்.

இவற்றோடு சிறுநீரில் புரதம், வெள்ளையணு எண்ணிக்கை, சர்க்கரை, பி.கே. வைரஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. பி.கே. வைரஸ் மருந்து அளவு கூடினால் தலைதூக்குவது. அதனாலும் கிரியேட்டினின் ஏறும். நிராகரிப்பு என்று நினைத்து மருந்தைக் கூட்டினால் நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதையாகும். அதனால்தான் சந்தேகம் வந்தால் கடைசியில் ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்து நூல் அளவு சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். தீர்ப்பு அங்கேதான்.

புதிதாக இன்னொரு சோதனை வந்திருக்கிறது. நம் இரத்தத்தில் இறந்த செல்களின் டி.என்.ஏ. துண்டுகள் மிதக்கின்றன. மாற்று உறுப்பின் செல்கள் அடிபட்டால், கொடுத்தவரின் டி.என்.ஏ. துண்டும் அதில் கூடும். 1998இல் ஹாங்காங்கில் டென்னிஸ் லோ என்ற மருத்துவர் குழு, ஆணின் உறுப்பைப் பெற்ற பெண்களின் இரத்தத்தில் ஒய் குரோமோசோம் டி.என்.ஏ. இருப்பதைக் காட்டியது. எனக்கு அந்த வழி உதவாது, கொடுத்தவர் அக்கா அல்லவா! இப்போது ஆண் பெண் பேதமில்லாமல், மரபணுவில் ஆளுக்கு ஆள் மாறும் எழுத்துகளை வைத்தே பிரித்துக் கணக்கிடுகிறார்கள். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மொத்தத்தில் 1 சதவீதத்துக்கு மேல் கொடுத்தவரின் துண்டு இருந்தால் நிராகரிப்பைச் சந்தேகிக்கலாம் என்றது. கிரியேட்டினினைவிட முன்னதாகவே சேதி சொல்லக்கூடியது. ஆனால் செலவு மிக அதிகம். லேசான நிராகரிப்பைத் தவறவிடலாம், வேறு காயத்தாலும் ஏறலாம். எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் பிக்ரிக் அமிலம்தான் துணை. லைஃப் சயின்ஸ் படிக்கும் மாணவ மாணவியரே, இதை நாலு பேருக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவருவது உங்கள் வேலை.

நான் சொன்ன பொய்

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2016 டிசம்பர். அக்காவின் சிறுநீரகம் ஐந்து வருடம் ஓடிவிட்டது. கிரியேட்டினின் 1.2. மருந்தின் அளவு 6 பக்கத்தில். உடம்பு நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் ஆபத்து.

பரிசோதனை நாளில் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், இரத்தம் கொடுத்த பிறகு போடுவது வழக்கம். வீட்டுக்காரம்மா நினைவுபடுத்துவார். அன்று அவர் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். காபிப் பழம் பறிக்கிற காலம். ஆட்கள் வருவார்களா மாட்டார்களா என்ற கவலையில் காலைக் காபியோடு மாத்திரையையும் விழுங்கிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பாதி மலை இறங்கியபோதுதான் உறைத்தது.

லேபில் கேட்டார்கள், "மாத்திரை போட்டீங்களா?" போட்டேன் என்றால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்கு வந்தால் ஒரு நாள் பறிப்பு போகும். "இல்லைங்க, போடல" என்றேன். இவ்வளவுதான் பொய். இரண்டு வார்த்தை.

மருந்து அளவு 17 என்று வந்தது. டாக்டரும் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது. அவர் என்ன செய்வார்? அளவு கூடிவிட்டது என்று காலை 2, இரவு 2 என்றிருந்ததைக் காலை 1, இரவு 1 ஆக்கினார். "பத்து நாள்ல மறுபடி இரத்தம் குடுங்க" என்று எழுதினார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பத்து நாள்தானே, அப்ப சரியாயிடும்" என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பத்தாம் நாள் பறிப்பு உச்சத்தில் இருந்தது. அப்புறம் களத்தில் காயப்போடும் வேலை. அப்புறம் மிளகு. பிப்ரவரி கடைசியில்தான் போனேன். பத்து நாள் பத்து வாரமாகியிருந்தது.

மருந்து அளவு 2.8. கிரியேட்டினின் 2.3.

அன்று எனக்கு ஒரு வலி இல்லை, ஒரு வீக்கம் இல்லை. இலை பச்சையாகவே இருந்தது. டாக்டர் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கணக்கு இடிக்குதே" என்றார். அப்போதுதான் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "உங்க உடம்புக்குள்ள என்னால எட்டிப் பாக்க முடியாதுங்க. இந்த நம்பர் வழியாத்தான் பாக்குறேன். நீங்க நம்பரைக் கெடுத்தா என் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி" என்றார்.

சதை எடுத்துப் பார்த்தார்கள். நிராகரிப்பு உறுதி. மூன்று நாள் ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். மாத்திரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நான் படுக்கையில் கிடந்து தினம் ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தேன். 2.3, 2.1, 1.9, 1.7. கடைசியில் 1.6இல் நின்றது. அதற்குக் கீழே அது இன்றுவரை வரவில்லை. 1.2க்கும் 1.6க்கும் நடுவில் உள்ளது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு 0.4. எனக்கு அது அக்கா கொடுத்ததில் நான் தொலைத்த பங்கு.

அக்காவிடம் சொன்னது

அக்கா மாதா மாதம் போன் செய்து கேட்பார். "என்னடா தம்பி, நம்பர் எவ்வளவு?" கிரியேட்டினின் என்ற பேர் அவர் வாயில் நுழையாது. நம்பர் என்பார். அந்த மார்ச் மாதம் கேட்டபோது "அதே 1.2தான்க்கா" என்றேன். மூன்றாவது பொய்.

ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. நேரில் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கீரையை நிறுத்தவே இல்லை. முழுக் கட்டும் முடிந்த பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"குடுத்தது குடுத்ததுதான்டா. அது உன்னுது. நீ என்ன பண்ணினாலும் நான் திருப்பிக் கேக்கப்போறதில்ல. ஆனா நான் நம்பர் கேட்டா மட்டும் பொய் சொல்லாத. அந்த ஒரு நம்பர்லதான் அது இன்னும் நல்லாயிருக்குதான்னு எனக்குத் தெரியும்."

அன்று எனக்கு இன்னொன்றும் உறைத்தது. ஐந்தரை வருடமாக என் இரத்தத்தைப் பற்றியே எல்லோரும் பேசினோம். அக்காவுக்கு இருப்பதும் இப்போது ஒரே சிறுநீரகம். கொடுத்தவர்களும் வருடத்துக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வருடத்துக்குப் பிறகு அக்காவை யாரும் கூட்டிப்போகவில்லை. நானும்தான் நினைக்கவில்லை. அந்த வருடம் முதல் ஒவ்வொரு வருடமும் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கையை நீட்டி இரத்தம் கொடுக்கிறோம். அக்காவின் நம்பர் 0.9. அதைக் கேட்கும் நாளில் எனக்குச் சாப்பாடு ருசிக்கிறது.

இன்று

நாட்காட்டியில் இரத்தப் பரிசோதனைத் தேதியைச் சேர்வராயன் கோயில் திருவிழாத் தேதி மாதிரி வட்டம் போட்டு வைக்கிறேன். மாத்திரைப் பெட்டியில் எப்போதும் மூன்று வாரத்து மாத்திரை கூடுதலாக இருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தபோது அதன் அருமை தெரிந்தது. தேதிக்குப் போக முடியவில்லை. போன் செய்து, "டாக்டர், ரோடு போச்சு, மாத்திரை கைல இருக்கு, வேளை தவறாம போடறேன், ரோடு விட்டதும் வர்றேன்" என்றேன். சிரித்தார். "இப்படி உண்மையைச் சொல்லிட்டா எனக்கு ஒரு பயமும் இல்ல" என்றார்.

பணத்தைப் பற்றிக் கேட்பீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று சிகிச்சையும் அடங்கும். தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். கொடுக்க உறவினர் இல்லாதவர்களுக்கு மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புதான் வழி. 2008இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் பெற்றோர், தாங்களும் டாக்டர்கள், மகனின் உறுப்புகளைக் கொடுத்தபிறகுதான் நம் மாநிலத்தில் இந்த எண்ணம் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் அரசு அறிவித்தது.

மாணவ மாணவியரே, உங்களில் சிலர் நாளை லேப் டெக்னீஷியன் ஆவீர்கள். ஊதா மூடிக் குழாயோடு ஒருவர் முன்னால் நிற்பீர்கள். "மாத்திரை போட்டீங்களா?" என்று ஒருமுறை கேட்டு நிறுத்தாதீர்கள். "கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம். நேரத்தைச் சீட்டில் எழுதுங்கள்.

என் வயதுத் தோழர்களே, நாம் எல்லோரும் அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் முன், நம்மோடு படித்து டாக்டரானவர்கள் வெளியே மேசை போட்டு இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். வரிசையில் நில்லுங்கள். 2009க்கு முன்னால் இப்படி ஒரு மேசை முன் நான் ஒரே ஒருமுறை உட்கார்ந்திருந்தால், என் அக்காவின் இடுப்பில் அந்தத் தழும்பு இருந்திருக்காது.

போன வாரம் அக்கா போன் செய்தார். "நம்பர் எவ்வளவுடா?" என்றார். "1.6க்கா" என்றேன். "சரி, சாப்பிட்டியா?" என்றார்.